மைனஸ் இருபதில் ஒரு பாட்டுப்பெட்டி

என் அக்காவுக்கு வேலையிடத்தில் பெங்குயின் என்று பெயர். குளிர்பதனக் கிடங்கில் வேலை. காய்கறி, மீன், ஐஸ்கிரீம் என்று உறைந்த சரக்குகளைக் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருக்கும் பெரிய அறை அது. உள்ளே எப்போதும் மைனஸ் இருபது டிகிரி. முழங்கால் வரை தொங்கும் கோட்டு, பஞ்சு வைத்த கால்சட்டை, இரண்டு ஜோடி காலுறை, அதற்கு மேல் பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு அவள் நடப்பதைப் பார்த்து யாரோ வைத்த பெயர். அக்கா அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. நானே அவள் எண்ணை அந்தப் பெயரில்தான் போனில் பதிந்து வைத்திருக்கிறேன்.

காலை ஆறு மணிக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்கு வெளியே வருவாள். நடுவில் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. கையில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அதில் இருக்கும் பெட்டிகளை வரிசை வரிசையாகத் தேடி எடுத்து, தள்ளுவண்டியில் ஏற்றி, வாசலில் கொண்டுவந்து வைக்க வேண்டும். பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. கூரைக்கு அடியில் நான்கு பெரிய விசிறிகள் ஓயாமல் ஓடும் சத்தம் மட்டும்தான் துணை. பதினோரு வருடமாக அதே அறை, அதே சத்தம்.

போன வருடம் ஒரு நாள் அவள் மூன்றாம் வரிசையில், பட்டாணிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றிருக்கிறாள். பட்டியலில் இருந்த எண்ணைப் படித்தது வரை ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஏதோ ஒரு பெரிய வெள்ளை மைதானத்தில் நடந்துகொண்டிருந்தாளாம். குளிரே இல்லையாம். தூரத்தில் யாரோ ஒரு பெண் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம். அந்தத் துணிகள் காற்றில் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தபோது ஹாரன் சத்தம் கேட்டது. திரும்பினால் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரண்டு இரும்புக் கரங்களும் ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தன. ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டுக் கீழே குதித்து ஓடி வந்தார்.

கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறாள் என்று சூப்பர்வைசர் அவளை ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மனுஷர் மோசமில்லை. மறுநாள் கூப்பிட்டு, மனசை விழிக்க வைக்க ஏதாவது ஏற்பாடு செய்துகொள் என்று சொல்லியிருக்கிறார். உள்ளே போன் கொண்டுபோக முடியாது. போன் பார்த்துக்கொண்டே நடந்த ஒருவர் வண்டியில் இடிபட்டதிலிருந்து அதற்குத் தடை. ஆனால் பேசவும் படம் எடுக்கவும் முடியாத, வெறும் பாட்டு மட்டும் பாடுகிற சின்னப் பெட்டி ஏதாவது வைத்துக்கொள்ளலாம், ஒரு காதில் மட்டும் மாட்ட வேண்டும், ஹாரன் கேட்கிற அளவுக்குத்தான் சத்தம் இருக்க வேண்டும் என்று அவரே வழி சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான் என்பதால் பொத்தான் வைத்த எல்லாப் பொருளும் என் பொறுப்பு.

கடைக்குப் போனோம். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு மெலிந்த அம்மாள்தான் கடைக்காரர். பிளேயர் வேண்டும் என்றதும் கண்ணாடி மேசை மேல் ஏழெட்டை வரிசையாக வைத்தார். எல்லாம் பளபளவென்று, வழுவழுவென்று, விரல் பட்டதும் விழித்துக்கொள்ளும் ரகம். நீல நிறத்தில் ஒன்று இருந்தது. எனக்காக இருந்தால் அந்த நிமிடமே வாங்கியிருப்பேன்.

அக்கா எதையும் தொடவில்லை. கைப்பையைத் திறந்து, வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கையுறைகளை எடுத்தாள். உள்ளுக்கு ஒரு கம்பளி, மேலே ஒரு ரெக்சின். இரண்டையும் நிதானமாக மாட்டிக்கொண்டு, குத்துச்சண்டைக்குத் தயாரானவள் மாதிரி மேசை முன்னால் நின்றாள். வெளியே நாலு மணி வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டிருந்தது. கடையில் இருந்த மற்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீலப் பெட்டியின் முகத்தில் அக்கா விரலை வைத்தாள். அது அசையவில்லை. தேய்த்தாள், தட்டினாள். அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

கடைக்காரம்மா சிரித்துவிட்டு, எங்கே வேலை என்று கேட்டார். அக்கா சொன்னாள். அவர் கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு, குனிந்து, கீழ் இழுப்பறைக்குள் வெகுநேரம் துழாவி ஒன்றை எடுத்தார். சோப்புக்கட்டி அளவு, சோப்புக்கட்டி அழகு. ஐந்து பொத்தான்கள், ஒவ்வொன்றும் மொச்சைக்கொட்டை மாதிரி மேலே எழும்பி நின்றன. பின்பக்கம் சட்டையில் மாட்ட ஒரு கொக்கி.

"இதை யாரும் கேக்கிறதில்ல. அசிங்கமா இருக்குன்னு போயிடுவாங்க. நீங்க திரும்பி நின்னுக்குங்க. பார்க்காம அழுத்துங்க."

அக்கா முதுகைக் காட்டி நின்று, கையுறைக் கையைப் பின்னால் நீட்டினாள். அந்த அம்மாள் பெட்டியை அதில் வைத்தார். அடுத்த பாட்டு என்றார். அழுத்தினாள். சத்தம் குறைக்கணும் என்றார். அழுத்தினாள். நிறுத்து என்றார். நிறுத்தினாள். ஒன்றும் தப்பவில்லை. காதில் மாட்டுவதற்கு வயர் இல்லாத சின்னக் குமிழ்களைக் காட்டியபோது அந்த அம்மாளே தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார். அவ்வளவு சின்னப் பொருளைக் குளிரில் நம்ப முடியாது, கீழே விழுந்தால் பெட்டிகளுக்கு நடுவே யார் தேடுவது என்றார். வயர் வைத்ததையே வாங்கினோம். பிளேயர் கறுப்பிலும் ஆரஞ்சிலும் இருந்தது. கறுப்புதான் கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருந்தது. அக்கா ஆரஞ்சை எடுத்தாள். உறைபனியில் விழுந்தால் பளிச்சென்று தெரியும் என்பது அவள் கணக்கு.

பெட்டி கிடைத்தது, பாட்டு? அன்றிரவு அக்கா வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னென்ன பாட்டு பிடிக்கும், சொல்லு, ஏற்றித் தருகிறேன் என்று கேட்டேன். அக்கா யோசித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி யோசித்தாள். கடைசியில், "தெரியலடி" என்றாள். கேட்ட எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. முப்பத்தொன்பது வயது. கல்யாணமாகிப் பதினேழு வருடம். இத்தனை காலமும் பக்கத்து வீட்டுக்காரர் வைத்த பாட்டு, பஸ் டிரைவர் வைத்த பாட்டு, நான் வைத்த பாட்டு என்று அடுத்தவர் விருப்பம்தான் அவள் காதில் விழுந்திருக்கிறது.

ஒரு வாரம் டைம் கொடு என்றாள். அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பஸ்ஸில் ஒரு பாட்டு பிடித்துவிடும். பெயர் தெரியாது, வரி தெரியாது. இறங்கியதும் எனக்குப் போன் போட்டு, "இதுதாண்டி" என்று முனகிக் காட்டுவாள். அவளுக்குக் குரல் சுத்தமாக வராது. ஆஸ்பத்திரியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்துவிட்டு டோக்கன் கிழித்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை எங்கள் டாக்டரே முகக்கவசத்தோடு உள்ளிருந்து எட்டிப் பார்த்து, அது எந்தப் பாட்டு என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் முனகிக்கொண்டே திரும்பிப் போனார். வாய் பிளந்தபடி நாற்காலியில் கிடந்தவர் அதற்குள் பயத்தில் பாதியாகியிருப்பார். இப்படியாக நாற்பத்தொரு பாட்டு சேர்ந்தது.

முதல் நாள் அதைக் கோட்டின் வெளிப்பையில் போட்டுக்கொண்டு, வயரைக் காதுமூடித் தொப்பிக்குள் விட்டு, வலது காதில் மாட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். அதை அவள் என்னிடம் சொன்ன விதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கதவு மூடியதும் வழக்கம்போல விசிறிச் சத்தம். அதன் மேல் பாட்டு மெதுவாக வந்து உட்கார்ந்ததாம். மூச்சு விட்டால் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வரும் இல்லையா, அந்தப் புகை பாட்டுக்குத் தகுந்த மாதிரி நீண்டும் குறுகியும் போனதாம். பெட்டிகள் கனக்கவில்லையாம். இருபது நிமிடம்தான். ஒரு பாட்டின் நடுவில், பாடுகிறவர் மூச்சு வாங்கின இடத்தில், சத்தம் நின்றுபோனது.

பதறிப்போய் வெளியே நடைபாதைக்கு வந்து பொத்தானை அழுத்தியிருக்கிறாள். ஒரு நிமிடம் உயிர் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் சின்னக் கண்ணாடி முகத்தில் ஆவி படர்ந்து, நீர் கோத்து, மறுபடி அணைந்தது. இந்தத் தடவை எழும்பவில்லை. அவள் அதை உதறினாள், தட்டினாள்.

"ஆட்டாதீங்கம்மா. உள்ள தண்ணி. ஆட்ட ஆட்ட எல்லா மூலைக்கும் போகும்."

சொன்னவர் கம்ப்ரசர் அண்ணன். கிடங்கைக் குளிராக வைத்திருக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர். இயந்திர அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம். வந்தால் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் பெட்டியை வாங்கிப் போய், கண்ணாடி ரிப்பேர் செய்யும் குட்டி ஸ்க்ரூடிரைவரால் திறந்து, அக்காவுக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறார். குளிரில் பேட்டரிக்கு மயக்கம் வரும், சாவு வராது. உடம்பு சூட்டில் வைத்திருந்தால் மயக்கமும் வராது. ஆனால் குளிர்ந்த பொருளை அப்படியே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தால் காற்றில் இருக்கிற ஈரமெல்லாம் அதன் மேல் வந்து ஒட்டும். குளிரிலிருந்து வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதே, அதேதான். அதனால் உள்ளேயே ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிட்டு வெளியே வர வேண்டும். அரைமணி நேரம் பையைத் திறக்கக் கூடாது.

இயந்திரத்தின் வெதுவெதுப்பான காற்று வரும் பக்கம் அதை இரண்டு நாள் பிரித்துப் போட்டு வைத்தார். அந்த இரண்டு நாளும் அக்கா ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். மூன்றாம் நாள் மூடி, திருகி, கையில் கொடுத்தார். பாடியது.

இனி அதைக் காப்பாற்ற வேண்டும். அக்கா ஒரு பழைய கம்பளிக் காலுறைக்குள் அதைத் திணித்து உள்சட்டையில் ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு மாமா சும்மா இருப்பாரா? மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவர். பேசுவதற்கு வாய் திறந்தால் உதட்டில் இருக்கும் ஊசி விழுந்துவிடும் என்பதாலோ என்னவோ, வீட்டிலும் அதிகம் பேசமாட்டார். காலுறையைக் கையில் எடுத்துப் பார்த்தார். வீட்டில் ஒரு தையல்காரன் இருக்கும்போது இப்படி ஒரு அவமானமா என்கிற முகம். டேப்பை எடுத்து நீளம் அகலம் அளந்துகொண்டு, தன் கடைக்குப் போய்விட்டார்.

முதல் உறை ரெக்சினில். இரட்டைத் தையல், ஓரத்தில் உருட்டி வைத்துத் தைத்த பைப்பிங், வெளிநாட்டுக் கார் சீட்டுக்குப் போடுகிற தரம். மைனஸ் இருபதில் அது பத்து நிமிடத்தில் ஓடு மாதிரி விறைத்து, அக்கா குனிந்தபோது படக்கென்று வெடித்துவிட்டது. இரண்டாவது, தடித்த ஃபோம் வைத்து. அதற்குள் பிளேயர் குழந்தை மாதிரி சுகமாகத் தூங்கியது; ஆனால் வெளியிலிருந்து பொத்தான் எங்கே இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பாட்டை மாற்ற அக்கா மார்பில் குத்திக்கொண்டே நிற்பதைப் பார்த்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், நெஞ்சு வலியா என்று பயந்துபோய் வண்டியை நிறுத்தி ஓடி வந்திருக்கிறார்.

அக்கா மறுபடி காலுறைக்கே போனாள். மாமா முகம் சுண்டிவிட்டது. அது உறையால் மட்டும் வந்த வாட்டம் இல்லை என்பது எனக்குத் தெரியும். வேலை விட்டு வந்தபிறகும் அக்கா சில நேரம் ஏதாவது ஒரு பாட்டை முனகிக்கொண்டே ஜன்னல் பக்கம் நின்றுவிடுவாள். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவாள். மாமா ஒருநாள் என்னிடம், "உங்க அக்கா இப்பல்லாம் பாதிதான் வீட்டுக்கு வர்றா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆனால் அந்த மாதங்களில் அக்கா சந்தோஷமாக இருந்தாள். வேலை முடிந்து வெளிக்கதவைத் திறந்ததும் மதிய வெயில் முகத்தில் அடிக்குமே, அந்த வெயிலில் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு, பிளேயர் சூடாகும் வரை சிமெண்ட் படியில் உட்கார்ந்திருப்பாள். பையின் வெளிப்புறம் நீர்த்துளிகள் படிந்து, ஒவ்வொன்றாக வழிந்து, காய்ந்துபோகும். அதைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம். ஒருநாள் வழியில் பார்த்து நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் உள்ளே ஓர் இடம் வந்துவிட்டது என்றாள். மீன் வரிசையில் கேட்க ஒரு பாட்டு, ஐஸ்கிரீம் வரிசையில் கேட்க ஒன்று. பட்டாணிக்கு மட்டும் சொற்களே இல்லாத ஒரு புல்லாங்குழல். எல்லாப் பாட்டும் அந்த விசிறிச் சத்தத்தின் மேல் பொருந்தி நிற்பதாகவும், அறையே கீழே இருந்து சுருதி பிடிப்பதாகவும் சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது. தலையாட்டினேன்.

பிறகு ஒரு நாள் அந்தப் புல்லாங்குழல் கெட்டுப்போனது.

எங்கேயோ தடுமாறுகிறது, ஈரம் மறுபடி உள்ளே போயிருக்கும் என்று பிளேயரை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். ஆஸ்பத்திரி மேசையில் வைத்து முழுவதையும் கேட்டேன். ஒரு குறையும் இல்லை. வீட்டில் அவளே கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் உள்ளே போனால் பழையபடி கோணல். மற்ற பாட்டுகளும் ஒன்று மாற்றி ஒன்று கோணின. மூன்றாம் வரிசையில் நின்று, அவள் காதிலிருந்து வயரைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றிருக்கிறாள். விசிறிச் சத்தம் ஒரே இழையாக இல்லை. அலை மாதிரி பெரிதாகி, சிறிதாகி, மறுபடி பெரிதாகி வந்துகொண்டிருந்தது. மெலிசான அலைதான். பதினோரு வருடம் அதற்கடியில் நடந்தவளுக்கே அதை ஒரு புல்லாங்குழல் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

போய் கம்ப்ரசர் அண்ணனிடம் சொன்னாள். தன் மீட்டரெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார் அவர். இருந்தாலும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அக்கா வயரைத் தொப்பிக்குள் விட்டு அவர் காதில் மாட்டிவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்தது. மறுபடி வை என்று விரலால் காட்டினார். இரண்டாவது தடவையும் முடிந்தபிறகு கண்ணைத் திறந்தார்.

"பாட்டு சரியா இருக்கும்மா. ரூம்தான் சுருதி தப்புது."

விசிறிகளை நிறுத்திவிட்டு ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். கடைசி விசிறிக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், பனி கட்டி கட்டியாக வளர்ந்து இறக்கையை உரசத் தொடங்கியிருந்தது. அந்த ஒன்று மட்டும் வேகம் குறைந்து ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் மோட்டார் எரிந்து, அறை சூடேறி, சரக்கு முழுவதும் வீணாகியிருக்கும் என்று அவர் சூப்பர்வைசரிடம் சொன்னபோது அக்கா பக்கத்தில்தான் நின்றாள். யார் கண்டுபிடித்தது என்று கேட்டதற்கு அவர் அக்கா பக்கம் தாடையை நீட்டிக் காட்டினார். அவ்வளவுதான் அவர் பாராட்டு. அக்காவுக்கு அது ஒரு வாரம் தாங்கியது.

சுரண்டி எடுக்கிற அளவில் அந்தப் பனி இல்லை. சரக்கை அடுத்த அறைக்கு மாற்றி, இந்த அறையையே முழுதாக உருக விட வேண்டும் என்று முடிவானது. அறை குளிரில்லாமல் இருக்கும் அந்த ஒரு நாளில் வெளியாட்களும் உள்ளே வரலாம் என்று தெரிந்ததும் மாமா கேட்டார். அவராக வாய் திறந்து கேட்டது எனக்கே ஆச்சரியம். இடத்தைப் பார்க்காமல் அளவு பிடிபடவில்லை என்று காரணம் சொன்னார். எனக்கும் அன்று விடுமுறை. மூன்று பேரும் போனோம்.

பெரிய கதவு அகலத் திறந்து கிடந்தது. பதினோரு மணி வெயில் வாசலில் இருந்து பாதி அறை வரைக்கும் விழுந்திருந்தது. வெறும் இரும்பு அடுக்குகள் மட்டும், கூரை வரைக்கும், வரிசை வரிசையாக. அவற்றின் மேலெல்லாம் வருடக்கணக்காகப் படிந்திருந்த உறைபனி இளகி, தகடு தகடாகக் கழன்று, சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. வெயிலில் விழும்போது ஒவ்வொன்றும் ஒரு கணம் எரிகிற மாதிரி ஒளிர்ந்தது. எங்கு பார்த்தாலும் நீர் சொட்டும் சத்தம். தரையிலிருந்து வெள்ளையாக ஆவி முழங்கால் வரை எழும்பி நின்றது. நாங்கள் பேசுவது கூட வேறு யாரோ தூரத்தில் பேசுவது போலக் கேட்டது.

அக்கா முன்னால் நடந்தாள். இது மீன், இது ஐஸ்கிரீம் என்று ஒன்றுமில்லாத இடங்களைக் கைகாட்டிக்கொண்டே போனாள். தன் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவள் மாதிரி இருந்தது. மாமா இரும்புத் தூண்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார். மூன்றாம் வரிசையில் அக்கா நின்றாள். இங்கேதான் பட்டாணி என்றாள். வண்டி ஒரு முழ தூரத்தில் நின்றது இங்கேதான் என்று அவள் சொல்லவில்லை. மாமாவுக்கு அது தெரியும். அவர் குனிந்து அந்த இடத்தில் தரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அக்கா பிளேயரை எடுத்து, வயரை அவர் காதில் மாட்டி, புல்லாங்குழலை வைத்தாள்.

முழுப் பாட்டும் கேட்டார். அவர் தலைமுடியில் ஒரு தகடு பனி விழுந்து உருகி, காதோரம் வழிந்தது. துடைக்கவில்லை.

"இதைக் கேட்டுக்கிட்டா இங்க நிக்கிற?"

"ஆமா."

"நல்லாருக்கு. ஒருநாளும் எனக்குப் போட்டுக் காட்டலையே."

"நீங்க கேக்கலையே" என்றாள் அக்கா. அவர் காதிலிருந்து வயரைக் கழற்றிக்கொண்டே, "எனக்கும் தோணல" என்றாள்.

நான் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது அக்கா எடுத்துவந்து கொடுத்த அவளுடைய வேலைக் கோட்டை மாமா கையில் வைத்திருந்தார். நிறுவனத்துப் பொருள் என்பதால் அது வீட்டுக்கு வந்ததே கிடையாது. அவர் அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறார். உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையலை விரலால் தடவி, பஞ்சின் கனத்தை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திப் பார்த்தார். டாக்டர் மாதிரி. பெட்டிக்கு உறை தைத்ததே தப்பு என்றார். உறை பெட்டியைச் சுற்றியது, சூடு இருப்பதோ அக்காவின் உடம்பில். கோட்டுக்கு உள்ளே, இடது மார்புக்கு நேராகப் பை தைத்துவிட்டால் போதும். அதற்குச் சூப்பர்வைசர் அனுமதி வேண்டும். அவரைத் தேடிப் போய் மாமாவே பேசினார். அவர் கம்ப்ரசர் அண்ணனைப் பார்த்தார். கம்ப்ரசர் அண்ணன் தலையாட்டினார். அப்புறம் அந்த இரண்டு பேச்சில்லாத மனிதர்களும் ஏணி அடியில் நின்று, தையல் மெஷினுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கால்மணி நேரம் பேசினார்கள். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கோட்டை இரண்டு நாளைக்குக் கொடுத்துவிட்டார்கள். மாமா கடையை ஒரு வேளை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தே தைத்தார். மெஷின் போடவில்லை, கை ஊசிதான். உள்ளே மெல்லிய கம்பளித் துணியில் பை, வயர் போகத் தோள் வரைக்கும் ஒரு குழாய், மேலே மடித்து மூட ஒரு காது. பிளேயரைப் பைக்குள் வைத்து, கோட்டின் வெளிப்புறத்தில் பொத்தான்கள் வரும் இடங்களில் தடித்த நூலால் முடிச்சுகள் போட்டார். பாட வைக்கவும் நிறுத்தவும் ஒரு முடிச்சு, அடுத்த பாட்டுக்கு இரண்டு, முந்தின பாட்டுக்கு மூன்று. சத்தத்துக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. முடித்ததும் அக்காவைக் கையுறை போடச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, தடவிப் பார்க்கச் சொன்னார். அவள் தடவினாள். இரண்டு முடிச்சில் விரல் நின்றது. அழுத்தினாள். அவள் முகத்தைப் பார்த்தே பாட்டு மாறியது எங்களுக்குத் தெரிந்தது.

அறை மறுபடி குளிரூட்டப்பட்ட பின் முதல் காலை அவளுக்குத்தான் முறை. என்ன நடந்தது என்று மதியம் சிமெண்ட் படியில் உட்கார்ந்து சொன்னாள். கதவைத் திறந்ததும் தரை முழுவதும் புதுப் பனி, ஒரு கால்தடம் கூட இல்லாமல், மாவு சலித்த மாதிரி. பெட்டிகள் எல்லாம் திரும்ப வந்து சேரவில்லை. பாதி அடுக்குகள் காலி. விசிறிகள் நான்கும் ஒரே குரலில் ஓடிக்கொண்டிருந்தன. முன்பைவிடக் கொஞ்சம் மேலே ஏறிய குரல். அது அவளுக்குப் புதிது. அதனால் உடனே பாட்டு வைக்கவில்லையாம். கோட்டுக்குள் பிளேயர் நெஞ்சோடு ஒட்டி வெதுவெதுப்பாக இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாளாம். பிறகு முதல் அடி எடுத்து வைத்தாளாம். பூட்ஸுக்கு அடியில் பனி நறநறவென்றதாம். நாலைந்து அடி போய்த் திரும்பித் தன் கால்தடங்களைப் பார்த்துவிட்டு, பட்டியலை எடுத்துப் படித்துக்கொண்டே, கட்டைவிரலால் ஒற்றை முடிச்சைத் தேடி அழுத்தினாளாம்.